விசாவுக்கு ஒரு காப்புறுதி, மலைக்கு ஒரு காப்புறுதி

பதுளை மாவட்டத்து லுணுகலைப் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிறவர்களில் பலர் பிள்ளைகளைப் பார்க்கத்தான் போகிறார்கள். மகளோ மருமகனோ சூரிச்சிலோ லுசேர்னிலோ இருப்பார், பேரப்பிள்ளை பிறந்திருக்கும், பென்ஷன் எடுத்தாயிற்று, ஒரு தடவை வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருப்பார்கள். போய் இறங்கி இரண்டு வாரம் ஆவதற்குள், "அப்பா, சனிக்கிழமை பனிமலைக்குப் போவோம்" என்பார்கள். காப்புறுதி வாங்கும் நேரத்தில் அந்தச் சனிக்கிழமை ஒருவருக்கும் ஞாபகத்தில் இருப்பதில்லை. தூதரகம் ஒரு கடதாசி கேட்கிறது, இருப்பதில் மலிவானதை எடுத்துக் கொடுத்துவிடுவோம் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. அந்தக் கடதாசி விசாவுக்குப் போதும். மலைக்குப் போதுமா என்பது வேறு கேள்வி.

தூதரகம் கேட்பது

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் விசா விதிகள் 2009இல் ஒரே சட்டமாகத் தொகுக்கப்பட்டன. அதன் 15ஆம் உறுப்புரை பிரயாண மருத்துவக் காப்புறுதி பற்றியது. அது கேட்பவை சில விடயங்கள்தான். காப்புறுதித் தொகை குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும். எல்லா ஷெங்கன் நாடுகளிலும், நீங்கள் தங்கும் எல்லா நாட்களுக்கும் அது செல்லுபடியாக வேண்டும். அவசர மருத்துவம், அவசர வைத்தியசாலைச் சிகிச்சை, நோய் காரணமாக ஊருக்குத் திருப்பி அனுப்புதல், மரணம் ஏற்பட்டால் அதற்குரிய செலவு ஆகியவை அதற்குள் அடங்க வேண்டும்.

பொலிசியில் எந்தப் பிரதேசம் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துங்கள். சுவிட்சர்லாந்தும் நோர்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கின்றன. ஆகவே "ஐரோப்பிய ஒன்றியம்" என்று மட்டும் எழுதிய பொலிசி சுவிஸுக்குப் போகிறவருக்கு உதவாது. லண்டனில் இருக்கும் சித்தப்பாவையும் பார்த்துவிட்டு வருவோம் என்று திட்டமிருந்தால் நிலைமை தலைகீழ்: பிரித்தானியா ஷெங்கனில் இல்லை. ஷெங்கன் என்று மட்டும் எழுதிய பொலிசி லண்டனில் வேலை செய்யாது.

விசாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். புறப்படுவதற்குப் பதினைந்து நாட்களாவது இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது. காப்புறுதிப் பணம் அப்படியல்ல: மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் சிறு கழிவோடு திருப்பித் தரும் கம்பனிகள் இருக்கின்றன. வாங்கும்போதே இதைக் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

30,000 யூரோவும் மகள் போட்ட கையெழுத்தும்

பதுளையில் யாருக்காவது திடீரென்று நெஞ்சுவலி வந்தால் 1990க்கு அழைக்கிறோம். சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது, அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது, ஒரு சதம் கேட்பதில்லை. இந்தப் பழக்கம் நமக்கு எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்பது வெளிநாட்டில்தான் தெரியும். சுவிஸில் அம்புலன்ஸுக்கே பில் வரும். வைத்தியசாலையில் வெளிநாட்டவர் என்றால் முற்பணமோ காப்புறுதிக் கம்பனியின் உத்தரவாதமோ கேட்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் சில நாள், ஒரு சத்திரசிகிச்சை என்று போனால் 30,000 யூரோ கரைவதற்கு அதிக நாள் ஆகாது.

"மகள் அங்கே மாதாமாதம் காப்புறுதி கட்டுகிறாளே, அதில் சேராதா?" என்று பலர் கேட்கிறார்கள். சேராது. சுவிஸின் கட்டாய மருத்துவக் காப்புறுதி அங்கே வதிபவர்களுக்கு உரியது. விருந்துக்கு வந்த பெற்றோருக்கு அதில் இடமில்லை.

இதில் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. வருகிறவரிடம் போதிய பணம் இல்லை என்று தூதரகம் கருதினால், அழைக்கும் பிள்ளையிடம் பொறுப்பேற்புப் பத்திரம் ஒன்று கேட்கும். சுவிஸில் அந்தப் பொறுப்பின் உச்சவரம்பு 30,000 பிராங்க். தங்குமிடம், மருத்துவம், திரும்பிப் போகும் செலவு ஆகியவற்றில் யாரும் கட்டாத பாக்கி மிஞ்சினால் அதை நான் கட்டுவேன் என்பதே அதன் பொருள். அதாவது காப்புறுதிக் கம்பனி கைவிரித்தால் கடன் அங்கேயே வதியும் உங்கள் பிள்ளையின் தலையில் விழுகிறது. அம்மா அப்பாவுக்கு எந்தப் பொலிசி எடுக்கிறோம் என்பது பிள்ளையின் பணப்பை சம்பந்தப்பட்ட விடயமும்தான். கொஞ்சம் கூடக் கட்டி 50,000 யூரோவோ அதற்கு மேலோ உள்ள பொலிசி கிடைத்தால் அதையே எடுங்கள் என்பேன். விமானச் சீட்டின் விலையோடு பார்த்தால் அந்த வித்தியாசம் பெரிதாக இருக்காது.

மலை எங்கே தொடங்குகிறது

நாம் மலையில் பிறந்தவர்கள். நமுனுகுல மலையைப் பார்த்து வளர்ந்தவர்கள். மடுல்சீமைக்கு மேலே முகில் கீழே கிடக்க நின்றவர்கள். மலை நமக்குப் புதிதா என்று தோன்றும். அளவைப் பாருங்கள். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல 2,524 மீற்றர். சிவனொளிபாதமலை 2,243. நம்மவர்கள் சுவிஸில் வரிசையில் நின்று ஏறும் யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1912இல் திறந்த பாதை அது. கீழே இன்டர்லாக்கன் நகரம் 567 மீற்றர். காலையில் அங்கே தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டவர் மதியத்துக்கு முன்பே, இலங்கையில் எங்குமே இல்லாத உயரத்தில் நிற்பார். நடக்கவில்லை, ஏறவில்லை, ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். (மேலே இந்தியச் சாப்பாட்டுக் கடையும் இருக்கிறது. சோற்றுக்காக யாரும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.)

சுமார் 2,500 மீற்றருக்கு மேல் உயர நோய் வரக்கூடும்: தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு. ஓரிரு மணி நேரம் நின்று இறங்குகிறவர்களில் பெரும்பாலானோருக்குச் சிறு தலைச்சுற்றலோடு போய்விடும். இருதய வருத்தம், இழுப்பு, கட்டுப்படாத பிரஷர் உள்ளவர்கள் ஊரிலேயே வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு போவது நல்லது. அந்தக் கேள்விக்கு வைத்தியர் எழுதித் தந்த துண்டு பின்னால் காப்புறுதிக்கும் பயன்படும்.

இனி பொலிசிக்கு வருவோம். சில பொலிசிகளில் உயர வரம்பு இருக்கும்: இத்தனை மீற்றருக்கு மேல் நடந்த எதற்கும் பொறுப்பில்லை என்று. சிலவற்றில் அந்த வரம்பு மலையேற்றத்துக்கும் நடைப் பயணத்துக்கும் மட்டும். ரயிலிலும் கேபிள் காரிலும் போகிறவரைப் பாதிக்காது. வாசகம் கம்பனிக்குக் கம்பனி மாறும். "யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீற்றர், டிட்லிஸ் கேபிள் கார் நிலையம் 3,020 மீற்றர். இந்த இடங்களுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போனால் பொலிசி செல்லுமா?" என்று இடத்தின் பெயரையும் உயரத்தையும் போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்ன "ஓம், பிரச்சினையில்லை" நாளைக்கு யாருக்கும் ஞாபகம் இராது.

அடுத்தது பனியில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. அறுபது வயதில் பனிச்சறுக்கு பழகப் போவதில்லை என்பீர்கள். ஆனால் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மரச் சறுக்குவண்டியில் ஒரு தடவை இறங்கிப் பார்க்க ஆசை வரும். சாதாரணப் பிரயாணப் பொலிசிகள் பலவற்றில் "விண்டர் ஸ்போர்ட்ஸ்" என்ற தலைப்பில் உள்ளதெல்லாம் விலக்கப்பட்டிருக்கும். சறுக்குவண்டி அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மேலதிகக் கட்டணம் கட்டி அந்தப் பகுதியைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்த பிறகும் குறியிடப்பட்ட தடத்தை விட்டு வெளியே போவது, போட்டிகளில் இறங்குவது, மது குடித்துவிட்டு இறங்குவது ஆகியவை அநேகமாக வெளியேதான் இருக்கும்.

கோடையில் நடைப் பாதைகள். சுவிஸில் பாதையின் நிறமே சொல்லிவிடும்: மஞ்சள் பலகை என்றால் சாதாரண நடைபாதை, வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை, நல்ல சப்பாத்தும் தைரியமும் வேண்டும், வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறும் அனுபவமும் தேவைப்படும் பாதை. மஞ்சளில் நடந்து கால் முறிந்தால் பொதுவாகத் தகராறு வராது. நீலத்தில் நடந்தது "மவுண்டனியரிங்" என்று கம்பனி சொன்னால் மறுத்துப் பேசுவது கஷ்டம்.

இன்னொருவரை இடித்துவிட்டால் என்ன? அதற்குத்தான் மூன்றாம் தரப்புப் பொறுப்பு என்ற பகுதி. இத்தாலியில் பனிச்சறுக்குத் தடத்தில் இறங்க இந்தக் காப்புறுதி 2022 ஜனவரியிலிருந்து கட்டாயம். மற்ற நாடுகளிலும் அது இருப்பது நிம்மதி.

ஹெலிகொப்டருக்கு யார் பணம் கொடுப்பது

பொலிசியில் "மெடிக்கல் இவாகுவேஷன்" என்று ஒரு வரி இருக்கும். பலர் அதைப் பார்த்தவுடன், மலையிலிருந்து தூக்கிக்கொண்டு போகும் செலவு இதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த வரி அநேகமாகச் சொல்வது, ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கோ ஊருக்கோ மாற்றுவதை. அதற்குக் கம்பனியின் உதவி நிலையம் முன்கூட்டியே அனுமதி தர வேண்டும் என்றும் எழுதியிருக்கும். பனியில் கால் முறிந்து கிடப்பவரால் அனுமதிக்குக் காத்திருக்க முடியாது. நமக்கு வேண்டியது தேடுதலும் மீட்பும் என்ற வேறொரு பகுதி, "சேர்ச் அண்ட் ரெஸ்கியூ". அது இருக்கிறதா, எவ்வளவு தொகைக்கு இருக்கிறது, காயப்படாமல் வழிதவறி மாட்டிக்கொண்டால் கூடச் செல்லுமா என்ற மூன்றையும் பாருங்கள்.

செலவை யார் ஏற்பது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரான்ஸில் மலைக்குள் நடக்கும் மீட்பை அரசின் மலை மீட்புப் படை செய்கிறது, கட்டணமில்லை. ஆனால் பனிச்சறுக்குத் தடத்தில் விழுந்தால் அங்குள்ள நகரசபை பில் அனுப்பலாம். சுவிஸில் 1952இல் தொடங்கிய ரேகா என்ற அமைப்பின் சிவப்பு ஹெலிகொப்டர்கள் வருகின்றன. அழைக்க வேண்டிய இலக்கம் 1414. மாட்டர்ஹோர்ன் இருக்கும் வலே மாநிலத்தில் மட்டும் 144. ஒஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140. எதுவும் ஞாபகம் வராவிட்டால் 112 ஐரோப்பா முழுவதும் வேலை செய்யும். சுவிஸில் ஒரு ஹெலிகொப்டர் அழைப்பு சில ஆயிரம் பிராங்குகளில் போய் நிற்கும்.

மகள் ரேகாவுக்கு வருடா வருடம் ஆதரவுப் பணம் கட்டுகிறவராக இருக்கலாம். அது காப்புறுதி அல்ல. ஆதரவாளருக்குச் செலவை மன்னிப்பது அந்த அமைப்பின் விருப்பம். மகளின் ஆதரவுப் பணம் அப்பாவையும் காக்கும் என்று எண்ணி மலையேற வேண்டாம்.

சீனி, பிரஷர், கிளினிக் கொப்பி

அதிகத் தகராறு நடப்பது இந்த இடத்தில், பெரும்பாலும் வெள்ளந்தித்தனத்தால்.

எடுத்துக்காட்டுக்கு, ஹொப்டன் பக்கத்தில் ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 66. பத்து வருடமாகச் சீனி வருத்தம். மாதத்துக்கு ஒருமுறை லுணுகலை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுக்கிறார். பதுளையில் முகவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். படிவத்தில் ஒரு கேள்வி: தற்போது ஏதாவது நோய்க்குச் சிகிச்சை பெறுகிறீர்களா?

"பெருசா வருத்தம் ஒண்ணும் இல்லைங்க. சீனிக்கும் பிரஷருக்கும் குளிசை போடுறேன், அவ்வளவுதான்."

"சேர், அதெல்லாம் எழுதினா காசு கூடும். நான் இல்லைன்னே போட்டுர்றேன்."

முகவர் கெட்டவர் அல்ல. செலவைக் குறைத்துத் தருவதாகத்தான் நினைக்கிறார். ஆசிரியரும் கையெழுத்துப் போடுகிறார். மூன்றாவது வாரம் லுசேர்னில் நெஞ்சுவலி. அங்கே வைத்தியர் முதலில் கேட்பதே பழைய நோய் என்ன, என்ன மருந்து என்பதுதான். ஆசிரியர் உண்மையைச் சொல்கிறார், சொல்லத்தான் வேண்டும். வைத்திய அறிக்கையின் முதல் பக்கத்திலேயே பத்து வருட நீரிழிவு என்று எழுதப்படுகிறது. அந்த அறிக்கைதான் கம்பனிக்குப் போகிறது. படிவத்தில் இல்லை, அறிக்கையில் இருக்கிறது. இதற்குப் பிறகு கம்பனி பணம் கொடுக்க மறுத்தால், முகவர் சொன்னார் என்ற வாதம் எடுபடாது, கையெழுத்து ஆசிரியருடையது.

எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டணம் கூடியிருக்கலாம். மருத்துவச் சான்றிதழ் கேட்டிருக்கலாம். அல்லது ஏற்கனவே உள்ள நோய்க்குப் பொறுப்பில்லை என்ற விலக்கோடு பொலிசி தந்திருக்கலாம். கடைசி வகையில் கூட, பஸ்ஸில் விழுந்து கை முறிந்தாலோ குடல்வால் அழற்சி வந்தாலோ பணம் கிடைக்கும். சில பொலிசிகள் பழைய நோயாலேயே உயிருக்கு ஆபத்து வந்தால் நிலைமை சீராகும் வரை ஒரு குறிப்பிட்ட தொகைக்குச் செலவு ஏற்கின்றன. அறுபது தாண்டியவர்களுக்கு என் அபிப்பிராயத்தில் பொலிசியைத் தெரிவு செய்ய வேண்டிய முதல் இடம் இதுதான். பெட்டி தொலைந்தால் எவ்வளவு தருவார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

வயது வரம்பையும் பாருங்கள். சில கம்பனிகள் 65இல் நிறுத்துகின்றன, சில 70இல், சில அதற்கு மேலும் போகின்றன. வயது கூடியவருக்குக் காப்புறுதித் தொகையைப் பாதியாக வெட்டும் வரியும் சிலவற்றில் சின்ன எழுத்தில் இருக்கும். வெட்டிய பிறகு 30,000 யூரோவுக்குக் கீழே போனால் விசாவுக்கே ஆகாது.

புறப்படுமுன் கிளினிக் கொப்பியின் கடைசிச் சில பக்கங்களைப் படம் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள். மருந்துகளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி வைத்தியரின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். தங்கும் நாட்களுக்கு வேண்டிய குளிசையைக் கைப்பையில் வையுங்கள். மருந்து முடிந்து போய் அங்கே வாங்கினால் அந்தச் செலவைப் பெரும்பாலான பொலிசிகள் தருவதில்லை.

மரணம் பற்றிப் பேச யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனாலும் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவுக்குப் பொலிசியில் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தில் சடங்கு செய்ய வேண்டும் என்று குடும்பம் நினைத்தால், அல்லது அங்கேயே தகனம் செய்துவிட்டு அஸ்தியைக் கொண்டுவர நினைத்தால், இரண்டுக்கும் பொலிசி இடம் தருகிறதா என்பது அந்த நேரத்தில் தேடிப் பார்க்கிற விடயமாக இருக்கக் கூடாது.

பசறைப் பாதையில் யார் பொறுப்பு

2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் விழுந்தது. பலர் இறந்தார்கள். நம்மூரில் அந்த வளைவைத் தெரியாதவர் இல்லை. ஐரோப்பாவுக்குப் போகிறவரும் அப்படியான ஏதோவொரு பாதையால்தான் கட்டுநாயக்கா போய்ச் சேர வேண்டும். பிரயாணக் காப்புறுதி பலவற்றின் மருத்துவப் பகுதி இலங்கைக் குடிவரவுப் பகுதியைத் தாண்டிய பிறகே தொடங்குகிறது. ஆகவே நம்மூர்க்காரருக்கு முழுப் பிரயாணத்திலும் ஆபத்துக் கூடிய துண்டு பொலிசிக்கு வெளியே கிடக்கிறது. சில பொலிசிகளில் தனிநபர் விபத்துப் பகுதி மட்டும் வீட்டிலிருந்து புறப்பட்ட நேரத்திலிருந்து செல்லும். இரண்டு பொலிசி ஒரே விலைக்கு இருந்தால் இதை வைத்துத் தெரிவு செய்யலாம்.

மண்சரிவும் அப்படித்தான். ஐரோப்பாவில் பனிக்காலம் தொடங்கும் நவம்பர், டிசம்பர் மாதங்கள்தான் ஊவாவின் கிழக்குச் சரிவில் அடைமழைக் காலம். வீதி மூடி விமானத்தைத் தவறவிட்டால் பணம் திரும்புமா? "பொதுப் போக்குவரத்துத் தாமதம்" காரணமாகத் தவறினால் தரும் பொலிசிகள் உண்டு. சொந்த வானில் போனால் தராதவையும் உண்டு. வாசகத்தைத் தேடிக்கொண்டிருப்பதை விட ஒரு நாள் முன்பே இறங்கி நீர்கொழும்பிலோ கொழும்பிலோ தங்குவது மலிவு. மழைக்காலத்தில் இரவு பஸ்ஸை நம்பி அதிகாலை விமானத்துக்குச் சீட்டுப் போடாதீர்கள்.

இங்கே வாங்குவதா, அங்கே வாங்குவதா

விசாச் சட்டம் முதலில் சொல்வது வசிக்கும் நாட்டில் வாங்குங்கள் என்று. ஆனால் இன்னொருவர் உங்கள் பெயரில் எடுத்துத் தருவதையும் அது ஏற்கிறது. சுவிஸிலும் ஜேர்மனியிலும் விருந்தினருக்கென்றே விற்கும் பொலிசிகள் இருக்கின்றன. பிள்ளை அங்கே எடுத்தால் வைத்தியசாலைக்கும் கம்பனிக்கும் ஒரே மொழி, ஒரே நாணயம். பில் நேரடியாகப் போகும். தகராறு வந்தால் பிள்ளை நேரில் போய்ப் பேசலாம். பழைய நோய்க்கான விலக்கு அங்கேயும் கடுமைதான். இங்கே வாங்குவதில் விலை குறைவாக இருக்கக்கூடும், ரூபாயில் கட்டலாம், விசா மறுத்தால் பணத்தைத் திரும்பப் பெறுவது சுலபம். இரண்டு விலையையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மலைக்குப் போவது நிச்சயம் என்றால், மீட்புப் பகுதியும் பனி விளையாட்டுப் பகுதியும் உள்ள பக்கம் சாய்வேன்.

இங்கே எடுத்தால், கம்பனிக்கு வெளிநாட்டில் யார் உதவி நிலையம் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். அந்த 24 மணிநேர இலக்கத்தைப் புறப்படுமுன் ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். எடுக்கிறார்களா, என்ன மொழியில் பேசுகிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பணம் கேட்கும்போது

வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவுடன், முடியாவிட்டால் அன்றைக்குள், உதவி நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். தாமதமானால் பொலிசியைப் பொறுத்துத் தொகை குறையலாம். பெட்டி தொலைந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் விமானக் கம்பனியின் கருமபீடத்தில் முறைப்பாட்டுப் படிவம் எடுங்கள். திருட்டு என்றால் பொலிஸ் அறிக்கை, பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்குள். மலையில் விபத்து என்றால் மீட்புக் குழுவின் அறிக்கையும் தடத்தின் பெயரும் வேண்டும். போர்டிங் பாஸ் துண்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். நாட்டுக்கு வெளியே இருந்ததற்கு அதுவும் ஒரு சாட்சி. "எக்ஸஸ்" என்று பொலிசியில் எழுதியிருக்கும் முதல் தொகை உங்கள் கையிலிருந்து போகும். சின்னச் சின்ன மருந்துச் செலவுகள் அதற்குள்ளேயே அடங்கிவிடும் என்பதால் அவற்றுக்காக மினக்கெட வேண்டாம்.

கம்பனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த வாசகத்தின் கீழ் மறுக்கிறார்கள் என்று அதில் இருக்க வேண்டும். கம்பனியின் மேலிடத்துக்கு எழுதியும் சரிவராவிட்டால், இலங்கையில் எடுத்த பொலிசி என்றால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் போகலாம். சுவிஸில் எடுத்த பொலிசிக்கு இவர்கள் பொறுப்பில்லை. அங்குள்ள காப்புறுதிக் குறைகேள் அலுவலகத்துக்குப் பிள்ளைதான் எழுத வேண்டும்.